சீருடைக் குடும்பத்து ஊழியரும் முதலாளியின் கணக்கும்

வேலையாள் ஒருவர் இரண்டு மாதம் லீவு கேட்டால் நமது கடைகளில் கிடைக்கும் பதில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "போயிட்டு வாங்க, வந்த பிறகு பார்ப்போம்." அவர் திரும்பி வரும்போது அந்தக் கல்லாவில் வேறொருவர் இருப்பார். இதையே நிருவாகம் என்று நாம் பழகிப் போய்விட்டோம். பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் ஒரு வகை ஊழியர்கள் விடயத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கப் பார்க்கின்றன. அதிலுள்ள வியாபாரக் கணக்கு நமக்கும் பயன்படும் என்பதால் இவ்வாரம் அதை எழுதுகிறேன்.

நான் சொல்வது படையினரின் குடும்பங்களை. இதில் ஓய்வு பெற்ற படைவீரர், வேறு தொழில் பார்த்துக்கொண்டே தொண்டர் படையில் இருப்பவர், படையில் இருப்பவரின் மனைவி அல்லது கணவன் எல்லோரும் அடக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் முதன்முறையாக இதைப் பற்றிக் கேட்டார்கள். முன்னாள் படையினர் மட்டும் சுமார் 18.5 இலட்சம் பேர் என்று தெரிய வந்தது. 16 வயதுக்கு மேற்பட்டோரில் இது 3.8 வீதம்.

வைத்தியசாலைகளுக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். அந்த நாட்டில் இராணுவத்துக்கென்று தனியாக இருந்த வைத்தியசாலைகள் 1990களில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியாக மிஞ்சிய ஹஸ்லர் வைத்தியசாலையும் 2007இல் இராணுவத்தின் கையை விட்டுப் போனது. அதன் பிறகு படை வைத்தியர்களும் தாதியரும் பொதுமக்களின் வைத்தியசாலைகளிலேயே வேலை பார்க்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவர்கள் பேர்மிங்ஹாமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைப் பராமரித்த வார்ட்டில் சீருடைக்காரரும் சாதாரணத் தாதியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். ஆகவே இது அவர்களுக்குத் தர்மம் செய்யும் விடயமல்ல. ஆள் பட்டியலை நிரப்பும் விடயம்.

சட்டமும் பின்னால் வந்தது. 2011ஆம் ஆண்டின் படைச் சட்டத்தில் படையினருடனான உடன்படிக்கை இடம்பிடித்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், சுகாதாரம், கல்வி, வீடமைப்பு ஆகியவற்றை நடத்தும் அரச நிறுவனங்கள் முடிவெடுக்கும்போது இக்குடும்பங்களின் நிலையைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்றது. 2022 நவம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. தொழில் வழங்குநர்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரத்தில் விருது கொடுக்கும் திட்டம் 2014இல் தொடங்கியது. தங்கம் வேண்டுமானால் தொண்டர் படையிலுள்ள ஊழியருக்குப் பயிற்சிக்காகக் குறைந்தது 10 நாள் மேலதிகச் சம்பள லீவு கொடுக்க வேண்டும்.

விருது பெரிதல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது ஆட்சேர்ப்புப் பகுதி. இருபது வருடம் இராணுவக் களஞ்சியத்தைப் பார்த்த ஒருவர் மருந்து, துணி, உபகரணம் எல்லாவற்றையும் கணக்குப் பிசகாமல் நடத்தக்கூடியவர். ஆனால் அவருடைய விண்ணப்பத்தில் படைத்தரமும் படைப்பிரிவின் பெயரும்தான் இருக்கும். நேர்முகப் பரீட்சை நடத்துபவருக்கு அது விளங்காது. அவரும் தன் வேலையைச் சாதாரண மொழியில் சொல்லப் பழகியிருக்க மாட்டார். இந்த இடைவெளியை நிரப்பவே ‘ஸ்டெப் இன்டு ஹெல்த்’ என்ற திட்டம் இருக்கிறது. வைத்தியசாலைக்கு வைத்தியர் மட்டுமா தேவை? சாரதி, மின்சாரம் பார்ப்பவர், சமையற்காரர், களஞ்சியப் பொறுப்பாளர் எல்லோரும் வேண்டுமல்லவா?

எனக்கு மருமகள் முறையான ஒருவர் இங்கிலாந்தில் தாதியாக இருக்கிறார். அவருடைய வார்ட்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவர் படையில் வெளிநாடு போயிருந்த மாதங்களில், சிறு பிள்ளைகளை விட்டுவிட்டு இரவுக் கடமைக்கு வர அவருக்கு வழியில்லாமல் போனது. மேற்பார்வையாளர் இரவுகளைக் குறைத்து, கணவர் இடையில் விடுமுறையில் வரும் இரண்டு வாரத்துக்கு லீவையும் முன்கூட்டியே ஒதுக்கினாராம். அந்தப் பெண் வேலையை விடவில்லை. பயிற்றப்பட்ட ஆளை இழந்து புது ஆளைத் தேடுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை வியாபாரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த இரவுகளை வேறு யாரோ செய்தார்கள். "எங்கட வீட்டிலயும் பிள்ளைகள் இருக்குத்தானே மாமா" என்று மருமகளே சொன்னார். அதுவும் நியாயம்தான். ஒருவருக்குக் கொடுக்கும் சலுகையின் பாரம் இன்னொருவர் தலையில் இறங்குகிறது என்பதை விருது கொடுப்பவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. கருத்திற்கொள் என்று சொல்லும் சட்டமும் இன்னதைச் செய் என்று சொல்வதில்லை. சுவரில் சான்றிதழ் தொங்கும். வார்ட் மேற்பார்வையாளருக்கு விடயமே தெரியாமலும் இருக்கலாம்.

பணக் கணக்கில்தான் அவர்கள் புத்திசாலிகள். தொண்டர் படை ஊழியர் ஒருவரை அரசு சேவைக்கு அழைத்தால், அந்த நாட்களுக்கு முதலாளி சம்பளம் கொடுக்கத் தேவையில்லை. அவருடைய வேலையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. மாற்று ஆளுக்கு மேலதிகமாகச் செலவானால் நாளொன்றுக்கு 110 பவுண் வரை கேட்டுப் பெறலாம். சிறிய, நடுத்தர நிறுவனத்துக்கு இதற்கு மேல் மாதம் 500 பவுண் வரை உண்டு. முன்னாள் படைவீரரைச் சேர்த்தால் அவருடைய முதல் வருடச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதிப் பங்கில் சலுகை கொடுக்கும் முறையும் 2021 ஏப்ரலில் வந்தது. முதலாளியின் நல்ல மனசை மட்டும் நம்பி நடத்தும் ஏற்பாடு இரண்டாவது தடவை நிற்காது. செலவை யார் பங்கிடுவது என்பதை முதலே தீர்த்துவிட்டதால்தான் அங்கே அது ஓடுகிறது.

நமது கடைகளில் இரண்டு பேர் வேலை செய்தால், ஒருவர் போனால் பாதிக் கடை போய்விடும். நமக்கு மாதம் 500 பவுண் தர யாருமில்லை. ஆனாலும் போகும் நாளையும் திரும்பும் நாளையும் எழுதிக் கையொப்பமிடுவதற்குச் செலவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடைகள் நான்கு சேர்ந்து பொதுவாக ஒரு மாற்றுக் கணக்குப்பிள்ளையை வைத்து, லீவுக் காலத்தில் மாறிமாறிப் பயன்படுத்தினால் ஆளுக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். அடுத்த வர்த்தக சங்கக் கூட்டத்துக்கு அந்தத் தாளையும் எடுத்துப் போவதாக உத்தேசம்.