இரண்டு முறை வராத தாளம்

1994இல் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு குற்றவியல் மசோதா விவாதத்தில் இருந்தது. இரவில் திறந்தவெளியில் 100 பேரோ அதற்கு மேலோ கூடும் 'ரேவ்' கொண்டாட்டங்களைக் கலைக்கப் போலீசுக்கு அது அதிகாரம் தந்தது. அந்தக் கூட்டங்களின் இசையை அடையாளம் காட்ட, திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளையே சட்டத்துக்குள் எழுதினார்கள். இரைச்சல் தொல்லையென்றால் ஒலியின் அளவையும் நேரத்தையும் கட்டுப்படுத்தலாம். தாளத்தின் அமைப்பில் அரசுக்கு என்ன வேலை?

இங்கிலாந்தின் ராச்டேலைச் சேர்ந்த ஷான் பூத்தும் ராப் பிரவுனும் இதற்கு இசையாலேயே பதில் சொன்னார்கள். 'ஆட்டெக்கர்' என்ற பெயரில் இயங்கும் இந்த இருவரின் 'ஆன்டி இ.பி.' என்ற இசைத்தட்டை அந்த ஆண்டு செப்டம்பரில் வார்ப் இசை நிறுவனம் வெளியிட்டது. மூன்றே உருப்படிகள். வருமானம் 'லிபர்ட்டி' என்ற உரிமை அமைப்புக்கு.

முதல் இரண்டிலும் ஒரே அடிகள் திரும்ப வரும் என்று உறையிலேயே எச்சரிக்கை இருந்தது. மூன்றாவதான 'ஃப்ளட்டர்' அப்படியல்ல. தாள வட்டம் ஒவ்வொன்றும் வேறுவிதமாக அமைக்கப்பட்டது. ஆனாலும் அதை ஒலிக்கவிடும்போது ஒரு வழக்கறிஞரும் இசை அறிஞரும் பக்கத்தில் இருக்கட்டும் என்றது உறை!

சுமார் 10 நிமிடம் ஓடும் 'ஃப்ளட்டரை'ப் போராட்ட ஆவணமாக மட்டும் கேட்பது பெரிய இழப்பு. அடிகள் ஓயாமல் இடம் மாறுகின்றன. மேலே மெல்ல நகரும் மெட்டு காதுக்குப் பிடிமானம் தருகிறது. எண்ணிக்கையை விட்டுவிட்டு அந்த மெட்டோடு போனால், தலை தானாகவே அசையத் தொடங்கும். இசைத்தட்டை நிமிடத்துக்கு 33 சுற்று, 45 சுற்று என எந்த வேகத்திலும் சுழலவிடலாம்.

நவம்பரில் மசோதா சட்டமாகிவிட்டது.