பதினோரு மாத வேலை

தமிழ்நாட்டு முதலாளிகளுக்கு 480 என்றால் நெடுநாளாகவே பயம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது 1981-ம் ஆண்டின் மாநிலச் சட்டம். நோக்கம் நல்லதுதான். நடைமுறையிலோ, 480-ஐ எட்டுமுன் ஆளை நிறுத்துவதும், சில வாரம் கழித்து வேறொரு ஒப்பந்ததாரர் பெயரில் அதே ஆளை அதே மெஷினுக்குக் கூப்பிடுவதும் வழக்கமாயின. ‘பிரேக் கொடுப்பது’ என்று அதற்குப் பெயரே உண்டு.

2025 நவம்பர் 21 அன்று நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. தற்காலிக ஆட்களை நம்பி ஓடும் நிறுவனங்கள் முதலில் படிக்கவேண்டியது குறித்த கால வேலை பற்றிய பகுதி. இத்தனை மாதம் என்று எழுதி ஆள் எடுக்கலாம். காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு ஆகாது. அதற்கு ஈடாக, அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகைகளும் இவருக்கும் உண்டு. பணிக்கொடைக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டு போதும்.

இந்த ஓராண்டுதான் பலருக்கு உறுத்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொகை அவ்வளவு பெரிதில்லை. மாதம் 15,000 ரூபாய் வாங்குபவருக்கு, மாதத்தை 26 நாளாக வகுத்து 15 நாள் சம்பளம் என்றால், ஆண்டுக்குச் சுமார் 8,650 ரூபாய். ஆர்டர் நெருக்கும் நேரத்தில் கை பழகிய டெய்லரை அனுப்பிவிட்டுப் புதியவரைப் பழக்கும்போது வீணாகும் துணிக்கே அவ்வளவு ஆகிவிடாதா?

சுமை உண்மையில் காகிதத்தில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊதவைக்கும் பழைய வித்தையும் இனி அவ்வளவாகப் பலிக்காது: படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் சம்பளக் கணக்கில் சேரும். பி.எஃப். அலுவலக வாசலையே மிதித்திராத சிறு கடைக்காரர் தீபாவளிக்கு நாலு பேரைச் சேர்க்கும்போது திணறுவார் என்பதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு வேண்டியது எளிய படிவம், விலக்கு அல்ல.

அரசு கவனிக்கவேண்டிய ஓட்டை வேறு. வாடகை வீட்டு ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்துக்கு எழுதிப் பழகிய நாடு இது. வேலை ஒப்பந்தத்தையும் அப்படியே எழுதி, சில நாள் இடைவெளி விட்டுப் புதுப்பித்தால் பணிக்கொடை கைநழுவும். எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பதற்கு மத்தியச் சட்டத்தில் வரம்பே இல்லை. ஒரே முதலாளியிடம் பார்த்த வேலையை, இடைவெளிகளைப் பொருட்படுத்தாமல் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று விதியில் எழுதுவதில் என்ன தடை?

அதோடு இன்னொன்று. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தின. இப்போது 50 பேர் வேண்டும். 49 பேரை அனுப்பும் ஒப்பந்ததாரருக்கு உரிமமும் தேவையில்லை.