12 வயதோடு வளர்ச்சி நின்றுவிடாது
செயற்கைக் கை, கால் வழங்குவது குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் செயற்கைக் கால் வாங்கிய ஒருவர், அதே தேவைக்கு மறுபடி உதவி கேட்க 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் ஓராண்டு போதும். இந்த வயது வரம்பை 18 ஆக்க வேண்டும். பெரியவர்களுக்குச் சாக்கெட்டை (வெட்டுண்ட கால் உள்ளே பொருந்தும் கிண்ணம்) மாற்றித் தருவதைப் புதிய கால் தந்ததாகக் கணக்கில் ஏற்றக் கூடாது. இவ்விரண்டையும் எங்கள் அமைப்பு வலியுறுத்துகிறது.

பையன்கள் விறுவிறுவென்று உயர்வது பெரும்பாலும் 13, 14 வயதில்தான். உச்ச வளர்ச்சி ஆண்டில் 9 செ.மீ. வரைகூட உயரம் கூடும். விதியோ சரியாக அந்த வயதில் கதவைச் சாத்துகிறது. நல்ல கால் வளர, செயற்கைக் கால் குட்டையாகும்; இடுப்பு சாயும், நடை நொண்டும், முதுகு வலிக்கும். பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. எலும்பின் நடுவில் துண்டித்திருந்தால், அந்த முனை கூராக வளர்ந்து தோலைக் குத்தத் தொடங்கும். சில பிள்ளைகளுக்கு மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படும். அதன்பின் பழைய சாக்கெட் எப்படிப் பொருந்தும்?

பெரியவர்கள் வளர்வதில்லை, ஆனால் அவர்களுடைய ஸ்டம்ப் (துண்டித்த பின் எஞ்சிய பகுதி) சுருங்கும். அறுவைக்குப் பின் வீக்கம் வடியும், தசை மெலியும். முதல் ஆண்டு முழுக்க அளவு மாறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் கூடுதலாக ஒரு காலுறை போட்டுச் சமாளிக்கலாம். உறைமேல் உறையாக ஏறிய பிறகு சாக்கெட்டையே மாற்றியாக வேண்டும். மாற்றாமல் நடந்தால் ஸ்டம்ப் உள்ளே இறங்கி, எலும்பு முனையில் பாரம் விழுந்து புண்ணாகும். சர்க்கரை நோயால் காலை இழந்தவருக்கு அந்தப் புண் பெரும்பாலும் வலிக்காது. உறையில் ஈரம் படிந்த பிறகே தெரியவரும். முழங்காலுக்குக் கீழே எடுத்த காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிய நிலை இப்படித்தான் வருகிறது. முழங்கால் போனால் நடக்கச் செலவாகும் உடல்வலு வெகுவாகக் கூடும். வயதானவர்கள் பலர் அத்தோடு நடப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

புதியதை வாங்கிக்கொண்டு பழையதை விற்றுவிடுவார்கள் என்று அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. ஒருவரின் ஸ்டம்புக்கு வார்த்த சாக்கெட்டை வாங்கி இன்னொருவர் என்ன செய்வார்? சந்தேகம் தீராவிட்டால் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளட்டும். பாதம் நன்றாக இருந்தால் கழற்றிப் புதிய சாக்கெட்டோடு சேர்க்கலாம், செலவும் குறையும்.

செயற்கைக் கால் வழங்கும் முகாம்களை நாங்கள் எதிர்க்கவில்லை. 1968இல் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் பாதம், வெறுங்காலோடு வயலில் இறங்கவும் தரையில் சம்மணமிடவும் வழி செய்தது. முகாம்கள் வழியாகத்தான் அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அளவெடுத்த கையோடு கால் கிடைப்பது, கூலி நாளை இழந்து வருபவருக்குப் பெரிய வரம். ஆனால் புகைப்படத்தோடு முகாம் முடிந்துவிடுகிறது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து அதே மாவட்டத்தில் யார், எங்கே பொருத்தம் பார்ப்பார்கள் என்று எழுத்தில் தராத முகாமுக்கு அரசுப் பணம் போகக் கூடாது.

கால் வாங்கிச் செல்பவருக்குப் பராமரிப்பையும் செய்து காட்டியே அனுப்ப வேண்டும். இரவில் ஸ்டம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உறையைத் தினமும் துவைக்க வேண்டும். குதிகால் உயரம் வேறான செருப்புக்கு மாறினால் காலின் சாய்வே மாறிவிடும் என்பதைப் பலருக்கும் யாரும் சொல்வதில்லை.

கை விஷயத்தில் எங்கள் கருத்து சற்று வேறு. முன்கை இல்லாமல் பிறந்த குழந்தை உட்காரத் தொடங்கும் ஆறு மாத அளவிலேயே எளிய கை பொருத்திப் பார்க்கலாம். பிடிக்காமல் கழற்றி எறிந்தால் அதட்டிப் போட வைக்கக் கூடாது. வெறும் ஸ்டம்பாலேயே பென்சில் பிடித்து, சட்டைப் பொத்தான் போடும் பிள்ளைகள் ஏராளம்.

மத்திய விதி திருத்தப்படும்வரை 12 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கான செலவை மாநில அரசு ஏற்க வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பழைய கால் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று பார்ப்பதை விட்டு, பிள்ளையின் இன்றைய உயரத்தையும் சாக்கெட் பொருந்துகிறதா என்ற தொழில்நுட்பரின் குறிப்பையும் பார்த்து முடிவெடுக்கட்டும்.