க்ளஸ்டர் தலைவலி: கொரோனாவுக்கு வாங்கிய ஆக்சிஜன் மெஷின் உதவுமா?

ராத்திரி 2 மணி. ஒரு பக்கக் கண்ணுக்குப் பின்னால் ஆணி அடிப்பது போல வலி. அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டுகிறது, அதே பக்க மூக்கு ஒழுகுகிறது. படுக்க முடியாமல் வீட்டுக்குள்ளேயே நடக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. மறுநாள் ராத்திரி, ஏறக்குறைய அதே நேரத்துக்குத் திரும்ப வருகிறது.

இதுதான் க்ளஸ்டர் தலைவலி. இதற்கு ஆக்சிஜன் நல்ல மருந்து என்று கேள்விப்பட்டதும் பலருக்கு வரும் யோசனை: 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய கான்சன்ட்ரேட்டர் வீட்டு மூலையில் சும்மாதானே கிடக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் என்ன? பெங்களூரு ரயில் கிளம்பும் மாரிகுப்பத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. பெரிய நரம்பியல் மருத்துவமனை சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. வலி அதுவரை காத்திருக்காது.

சாதாரண தலைவலியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒவ்வொரு முறையும் 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீடிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வரலாம், ஒரே நாளில் 8 முறையும் வரலாம். சில வாரம், சில மாதம் இப்படிப் படுத்திவிட்டு, பிறகு மாதக்கணக்கில் காணாமல் போகும். மைக்ரேன் வந்தவர் இருட்டறையில் அசையாமல் படுப்பார். இது வந்தவரால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. சைனஸ், பல்வலி என்று நினைத்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு.

சுமார் ஆயிரத்தில் ஒருவருக்கு இது வரும் என்கின்றன வெளிநாட்டு ஆய்வுகள். அந்த விகிதம் இங்கேயும் பொருந்தினால், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வாழும் கோலார் தங்கவயலில் மட்டும் சுமார் 150 பேர் இருப்பார்கள்.

ஆக்சிஜன் நிஜமாவே வேலை செய்யுமா?

செய்யும். 2009-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஒரே நோயாளிகளுக்கு ஒரு முறை ஆக்சிஜன், இன்னொரு முறை வெறும் காற்று என்று மாற்றிக் கொடுத்தார்கள். எது எது என்று அவர்களுக்குத் தெரியாது. 15 நிமிடத்தில் வலி நீங்கியது ஆக்சிஜனில் 78%, வெறும் காற்றில் 20%. பிரிட்டனின் 2012 அரசு வழிகாட்டுதல் இதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறது.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: 100% ஆக்சிஜன், நிமிடத்துக்குக் குறைந்தது 12 லிட்டர், பை பொருத்திய நான்-ரீப்ரீதர் மாஸ்க். வலி தொடங்கியதுமே நிமிர்ந்து உட்கார்ந்து, 15 நிமிடம் மூச்சிழுக்க வேண்டும்.

அப்போ வீட்டுல இருக்கிற மெஷின் போதுமா?

போதாது. வீட்டு கான்சன்ட்ரேட்டர் பெரும்பாலும் 5 லிட்டர், பெரியது 10 லிட்டர். அதுவும் சுமார் 93% ஆக்சிஜன்தான். மெஷின் தருவதைவிட வேகமாக நீங்கள் மூச்சிழுக்கும்போது அறைக் காற்றும் கலந்துவிடும். ‘ஆக்சிஜன் வைத்துப் பார்த்தேன், பலனில்லை’ என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். இதற்குத் தேவை சிலிண்டர்.

ஒரு சிலிண்டர் எத்தனை முறைக்கு வரும்?

12 லிட்டர் வீதம் 15 நிமிடத்துக்கு 180 லிட்டர். சுமார் 1,500 லிட்டர் கொள்ளும் ‘பி’ டைப் சிலிண்டர் 8 முறைக்கு வரும். சுமார் 7,000 லிட்டர் கொள்ளும் ‘டி’ டைப் 38 முறைக்கு வரும். தினமும் இரண்டு முறை வலி, ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் 84 முறை; அதாவது சுமார் 15,000 லிட்டர்.

2020 செப்டம்பரில் மருந்து விலை ஆணையம் சிலிண்டர் ஆக்சிஜனுக்கு விதித்த உச்சவரம்பு, ஆலை விலையாக ஒரு கனமீட்டருக்கு 25.71 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு முறைக்கான வாயு 5 ரூபாய்கூட இல்லை. ஆறு வாரத்துக்கும் சேர்த்து 400 ரூபாய்க்குள். சிலிண்டர் டெபாசிட், வாடகை, ரெகுலேட்டர், மாஸ்க், வண்டிச் செலவு எல்லாம் தனி. காசு கரைவது வாயுவில் இல்லை, அதை உங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவதில்தான்.

தங்கவயலில் ஏன் கூடுதல் கவனம்?

சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. ஆனால் பாறைத் தூசி புகுந்த நுரையீரலோடு வாழும் முன்னாள் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ ஏற்கெனவே வீட்டில் ஆக்சிஜன் ஓடலாம். இரண்டும் ஒரே வைத்தியம் இல்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்குக் குறைந்த அளவில், பல மணி நேரம் கொடுப்பார்கள். அவர்களில் பலருக்கு ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92% வரை இருந்தாலே போதும். அப்படிப்பட்டவருக்கு 12 லிட்டர் வைத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் மெஷினை நீங்கள் எடுத்தாலும் தப்பு, உங்கள் சிலிண்டரை அவருக்கு வைத்தாலும் தப்பு. உங்களுக்கே சுரங்கத் தூசியோ புகைப்பழக்கமோ இருந்தால், முதலில் நுரையீரல் பரிசோதனை.

என்ன செய்யலாம்?

* வலி வந்த நேரம், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கண் சிவந்திருக்கும்போது போட்டோ எடுங்கள். டாக்டருக்கு ஸ்கேனைப் போலவே இதுவும் உதவும்.
* பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடத்தில் நரம்பியல் மருத்துவரிடம் நோயை உறுதி செய்துகொண்டு, லிட்டர் அளவோடு சீட்டு எழுதி வாங்குங்கள்.
* சிலிண்டர் எடுக்கும் முன், அவசரத்துக்கு ரீஃபில் கிடைக்குமா, ரெகுலேட்டர் 15 லிட்டர் வரை போகுமா என்று கேளுங்கள். தொழிற்சாலை சிலிண்டர் கூடவே கூடாது.
* சமையலறை, விளக்கு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் வேண்டாம். எண்ணெய்க் கையோடு வால்வைத் தொடாதீர்கள். சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.
* ஆக்சிஜன் அந்த நேரத்து வலியைத்தான் நிறுத்தும். அடுத்த வலியைத் தடுக்க வெராபமில் போன்ற மாத்திரை வேண்டும், அதற்கு இ.சி.ஜி. பார்க்க வேண்டும். வலி வரும் வாரங்களில் மதுவைத் தொடாதீர்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக வரும் கடும் தலைவலி, காய்ச்சல், கை கால் மரத்துப்போவது, பேச்சு குழறுவது இருந்தால் ஆக்சிஜனைத் தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.