பாக்ஸ் மாறிய திங்கட்கிழமை

தாம்பரம் - கடற்கரை தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்றிலிருந்து எத்தனை பேர் என்னைப்போல படிக்கட்டில் ஓடி வந்து அதைத் தவறவிட்டிருப்பார்களோ! இந்தத் திங்கட்கிழமையும் கண்ணெதிரே போய்விட்டது. அடுத்த ரயிலில் ஜன்னலோர ஸீட். பரவாயில்லை, நல்ல நாள்தான் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷம் மதியம் வரைதான். டிபன் பாக்ஸைத் திறந்தால் கோதுமை ரவை உப்புமா, பாகற்காய் பொரியல். அய்யோ, இது அப்பா வேலைக்கு எடுத்துப் போகிற பாக்ஸ்! அப்படியென்றால் என் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அவரிடம். அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பதறிப்போய் போன் செய்தேன். "சாப்பிட்டாச்சும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரவு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பாக்ஸைத் திறந்தேன். சாதமும் வறுவலும் பாதி அப்படியே இருந்தன.

"என்னப்பா இது?"

"ஆசைக்குப் பாதி சாப்பிட்டேன். உங்கம்மாவுக்குப் பயந்து பாதியை வெச்சுட்டேன்" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் அப்பாவின் பாக்ஸ் மூடியில் சிவப்பு ஸ்டிக்கர். இனி மாறவே மாறாது.

வெள்ளிக்கிழமை மறுபடியும் உருளைக்கிழங்கு வறுவல். அம்மா எனக்கு வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, சிவப்பு ஸ்டிக்கர் பாக்ஸிலும் போட்டார். நாலே நாலு துண்டு.