உழைப்புக்கு பெண்கள்... பீடத்துக்கு ஆண்களா?

திருத்தணி:-
முருகன் கோவிலால் பெயர் பெற்ற திருத்தணி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த சர்ச்சுக்கு போனாலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான். பெண்கள் பக்கம் நிரம்பி வழியும். ஆண்கள் பக்கம் பாதி காலியாக கிடக்கும்.

சண்டே ஸ்கூல் நடத்துவது, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களை பார்த்து ஜெபம் செய்வது, வீட்டு ஜெபக்கூட்டம் என்று ஓடி ஓடி செய்வது எல்லாம் பெண்கள்தான். ஆனால் ஞானஸ்நானம் கொடுக்கணும், திருவிருந்து நடத்தணும், கணக்கு வழக்கு பார்க்கணும் என்று வந்துவிட்டால் முன்னால் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். இது ஏன்?

இங்கிலாந்தை முந்திய ஆந்திரா

சட்டம் தடுக்குதா என்றால், எல்லா சபையிலும் இல்லை. 1947-ல் உருவான தென்னிந்திய திருச்சபை (சி.எஸ்.ஐ.) 1970-களிலேயே பெண்களும் ஆயர் ஆகலாம் என்று கதவை திறந்துவிட்டது. 2013 செப்டம்பரில் எக்கோனி புஷ்பலலிதா நந்தியால் பேராயராக பொறுப்பு ஏற்றார். சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பிஷப் அவர்தான். நந்தியால் வேறு எங்கோ இல்லை. திருத்தணியை தாண்டினால் வரும் அதே ஆந்திராவில்தான் இருக்கிறது.

இதில் இன்னொரு ஆச்சரியம். வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்த சபை என்று சொல்கிறோம். அந்த இங்கிலாந்து திருச்சபையில் முதல் பெண் பிஷப்பாக லிபி லேன் வந்தது 2015-ல்தான்! அதன் தலைமை பதவியான கேன்டர்பரி பேராயர் பொறுப்புக்கு சாரா முல்லல்லி என்ற பெண் அறிவிக்கப்பட்டது 2025 அக்டோபரில். அதாவது முதல் பெண் பிஷப் விஷயத்தில் லண்டனை முந்திக்கொண்டது நம்ம பக்கத்து ஊர்.

கோவில் கட்டிய அம்மா

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு இல்லை. 1778-ல் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற விதவைப்பெண்தான் பாளையங்கோட்டையில் 1785-ல் சர்ச் கட்டினார். நெல்லை சீமையில் சபை வளர்ந்த கதையே அந்த அம்மாவிடம் இருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு பிறகு வீடு வீடாக போய் வேதம் சொல்லிக்கொடுத்த 'பைபிள் உமன்' பெண்கள் எத்தனையோ பேர். ஆண் போதகர் நுழைய முடியாத வீட்டு அடுப்படி வரைக்கும் போனவர்கள் அவர்கள்.

மூன்று சபை... மூன்று நிலை

கத்தோலிக்க சபையில் பெண்கள் குருவானவர் ஆக முடியாது. 1994-ல் போப் இரண்டாம் ஜான் பால் இதை திட்டவட்டமாக அறிவித்துவிட்டார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கன்னியாஸ்திரிகள் உழைத்தாலும் திருப்பலி நிறைவேற்ற முடியாது. 2021-ல் போப் பிரான்சிஸ், பலிபூசையில் வேதம் வாசிப்பதையும், பீடத்தில் உதவுவதையும் பெண்களுக்கும் முறைப்படியான பணியாக்கினார். அவ்வளவுதான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் கதை வேறு. அங்கே 'பாஸ்டரம்மா' இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. ஆனால் அந்த பெயரே புருஷனை வைத்து வந்ததுதான். அந்த அம்மாவுக்கு தனியாக சம்பளமோ பொறுப்போ இருக்கிறதா என்றால் பல இடங்களில் இல்லை.

பெண்கள் சபையில் பேசக்கூடாது என்று பவுல் எழுதியதை ஒரு தரப்பு எடுத்துக்காட்டுகிறது. உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் பார்த்து சீஷர்களுக்கு போய் சொன்னதே மகதலேனா மரியாள்தானே, அதே பவுல் பெபேயாள் என்ற ஊழியக்காரியை பெயர் சொல்லி பாராட்டினாரே என்று மறு தரப்பு கேட்கிறது. இந்த விவாதம் இன்றைக்கு முடிகிற விஷயம் இல்லை.

ஓட்டு யார் கையில்?

ஆனால் கதவு திறந்திருக்கிற சி.எஸ்.ஐ.யில் வேதவசன சண்டை தேவையில்லை. அங்கே பிஷப் தேர்வு என்றால் முதலில் திருமண்டல பேரவையில் ஓட்டு. அதில் வரும் பெயர்களில் இருந்து சினாடு ஒருவரை தேர்வு செய்கிறது. ஆக, பேரவையிலும் சபை கமிட்டியிலும் எத்தனை பெண்கள் உட்காருகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மதுரை அரசரடி, சென்னை குருகுல் இறையியல் கல்லூரிகளில் பெண்களும் படிக்கிறார்கள். படித்து முடித்து வருபவருக்கு ஒரு சபையை நம்பி கொடுப்பார்களா, இல்லை ஆபீசிலும் ஹாஸ்டலிலும் உட்கார வைப்பார்களா?

காணிக்கை தட்டை நிரப்புகிற கை, கமிட்டி தேர்தலில் ஓட்டும் போடுகிறது. அடுத்த தேர்தலில் அந்த கை யார் பெயரை எழுதப்போகிறது என்பதில்தான் பதில் இருக்கிறது!