அல்லிக் குளமும் அயல்வீடும்



கொல்லைப்புறத்தில் சிறிது இடம் கிடைத்தால் அங்கே ஒரு சிறு குளம் அமைத்து, அதில் அல்லியும் கரையில் பூச்செடிகளும் வளர்க்க வேண்டும் என்னும் ஆவல் பல இல்லங்களில் எழுகின்றது. அது நல்ல ஆவலே. நாள் முழுவதும் உழைத்துத் திரும்புபவருக்கு நீரும் மலரும் தரும் ஆறுதல் சிறிதன்று. ஆயினும் பூச்செடி வைப்பதற்கும் குளம் வைப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ரோஜாச் செடியைக் கவனியாது விட்டால் வாடுவது அச்செடி ஒன்றே. குளத்தைக் கவனியாது விட்டாலோ, துன்புறுவது தெரு முழுவதுமாகும். மலர் நமக்கு உரியது; ஆனால் தேங்கிய நீரில் பிறக்கும் கொசு நம் மதிலோடு நின்று விடுவதில்லை.

அல்லி வளர்ப்போரின் பொறுப்பை விளக்குவதற்குப் பிரெஞ்சு நாட்டில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் கூறலாம். கிளாடு மொனே என்னும் ஓவியர் ஜிவர்னி என்ற சிற்றூரில் வாழ்ந்தார். 1893ஆம் ஆண்டு அவர் தம் வீட்டை அடுத்த நிலத்தை வாங்கி, அருகில் ஓடிய சிற்றோடையின் நீரைத் திருப்பி அல்லிக் குளம் அமைக்க அரசிடம் அனுமதி கோரினார். ஊரார் எதிர்த்தனர். முன்பின் அறியாத செடிகளால் நீர் நஞ்சாகும், அதைக் குடிக்கும் கால்நடைக்குத் தீங்கு நேரும் என்று அஞ்சினர். முடிவில் அனுமதி கிடைத்தது. லத்தூர் மர்லியாக் என்பவர் கலப்பு முறையில் உருவாக்கி, 1889ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் வைத்த வண்ண அல்லிகளின் வகைகள் அக்குளத்தில் மலர்ந்தன. மொனே 1926ஆம் ஆண்டு மறையும் வரை அல்லிகளைப் பொருளாகக் கொண்டு ஏறத்தாழ 250 ஓவியங்களைத் தீட்டினார்.

ஜிவர்னி மக்களின் அச்சம் அங்கே மெய்யாகவில்லை. ஆயினும் அதனை அறியாமை என்று எள்ளுதல் தகாது. தென் அமெரிக்காவில் தோன்றிய வெங்காயத்தாமரையை அதன் ஊதா மலரின் அழகுக்காகவே மக்கள் நாடு விட்டு நாடு கொண்டு சென்றனர். தக்க சூழலில் அது இரண்டு வாரங்களுக்குள் இரு மடங்காகப் பெருக வல்லது. இன்று நம் ஏரிகளையும் கால்வாய்களையும் அது மூடிக் கிடப்பதை எவரும் காணலாம். இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே அதனைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆகவே, வீட்டுக் குளத்தில் இச்செடியை இடாதீர்கள். களைந்தெடுத்த எந்த நீர்ச்செடியையும் வாய்க்காலில் எறியாமல் வெயிலில் உலர்த்தி எருவாக்குங்கள்.

இனி, குளம் அமைக்கும் முறையைக் காண்போம். நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரம் வெயில் படும் இடமே அல்லிக்கு ஏற்றது. மரத்தடி வேண்டா, உதிரும் இலைகள் நீரில் அழுகி மீன்களுக்கு வேண்டிய பிராணவாயுவைக் குறைத்துவிடும். சிறு குளத்திற்கு இரண்டு அடி ஆழம் போதும். தாமரையின் இலைகள் நீர்மட்டத்திற்கு மேல் உயர்ந்து நிற்கும். அதற்கு அகன்ற இடம் வேண்டும். அல்லியின் இலைகளோ நீரின்மேல் படிந்து மிதக்கும். எனவே சிறு குளத்திற்கு அல்லியே பொருத்தம். நீல அல்லி பகலில் மலரும். வெள்ளாம்பல் இரவில் மலர்ந்து மறுநாள் வெயில் ஏறக் குவியும். மாலையில் வீடு திரும்புவோர்க்கு வெள்ளாம்பலே மிகுந்த இன்பம் தரும்.

கிழங்கை அகன்ற சட்டியில் களிமண் இட்டு நட வேண்டும். முளை மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். மண் கலங்காதவாறு மேலே மணலைப் பரப்பிச் சட்டியை மெல்ல நீரில் இறக்குக. தொடக்கத்தில் செங்கற்களின்மீது வைத்து, இலை வளர வளர ஆழத்தில் இறக்கலாம். தொழு உரத்தை அள்ளி இடுதல் தவறு. அது அல்லியை விடப் பாசியையே விரைவில் வளர்க்கும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதி அளவு மூடியிருந்தால் வெயில் தணிந்து பாசி அடங்கும். அதற்கு மேல் பெருகினால் முதிர்ந்த இலைகளைக் கிள்ளி விடுக.

கரையில் ஈரத்தை விரும்பும் கல்வாழை, சேம்பு, வசம்பு ஆகியவற்றை வைக்கலாம். மல்லிகையும் கனகாம்பரமும் வேரில் நீர் தேங்கினால் அழுகும். அவற்றைச் சற்று மேடான இடத்தில் நடுக. அரளியை மட்டும் குளக்கரையில் வைக்க வேண்டா. அதன் இலையும் பூவும் நஞ்சுடையவை. நீரில் உதிர்ந்தால் மீனுக்குக் கேடு, வாயில் இட்டால் குழந்தைக்குக் கேடு.

இப்போது கொசுவைப் பற்றிக் கூறியாக வேண்டும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏழு முதல் பத்து நாட்களே போதும். ஆதலின் வாரம் ஒரு முறையேனும் நீரை உற்று நோக்குதல் கடமையாகும். சில கப்பி மீன்களை விட்டால் அவை கொசுப் புழுக்களை உண்ணும். தவளைகளையும் தும்பிகளையும் விரட்டாதீர்கள். தும்பியின் இளம் பருவம் நீரில் வாழ்ந்து அப்புழுக்களையே இரையாகக் கொள்கிறது. எனினும் கப்பி மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விடுதல் தகாது. அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அவை இடையூறாகும்.

மீன் உள்ள குளத்தைவிடக் குளக்கரையில் கிடக்கும் பொருள்களே பெரும்பாலும் ஆபத்தானவை. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, கவிழ்க்காத வாளி, உடைந்த சட்டி ஆகியவற்றில் மீனும் இல்லை, தவளையும் இல்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை நீரின்றிப் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும் உயிர் இழப்பதில்லை. ஆகவே அவற்றைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். கொசு பெருகும் வண்ணம் நீரைத் தேக்குதல் நம் மாநிலத்தில் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படியும் குற்றமே. ஆனால் சட்டத்திற்கு அஞ்சியன்று, அடுத்த வீட்டுத் தொட்டிலில் உறங்கும் குழந்தையை எண்ணியே இதனைச் செய்தல் அழகு.

குழந்தை என்றதும் மற்றொன்றும் சொல்ல வேண்டும். தவழும் குழந்தை மூழ்குவதற்கு முழங்கால் அளவு நீரும் வேண்டியதில்லை. நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே உறுதியான இரும்பு வலை பதித்தால் அதன் கண்கள் வழியே அல்லி வளரும். குழந்தையின் எடையையும் அது தாங்க வேண்டும். குளத்தைச் சுற்றித் தாழிடக்கூடிய வேலியும் அமைக்கலாம். குளம் சமையலறைச் சாளரத்திலிருந்து தெரியும் இடத்தில் அமைந்தால் இன்னும் நன்று. எனினும் வலையும் வேலியும் பெரியவரின் கண்ணுக்கு ஈடாகா. நடக்கப் பழகும் மகவு உள்ள இல்லத்தார் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பதும் அறிவுடைமையே.

இவ்வளவும் கேட்டபின், “நம்மால் வாரந்தோறும் கவனிக்க இயலுமா? விடுமுறைக்கு ஊர் சென்றால் யார் பார்ப்பார்?” என்று இல்லத்தார் கூடி ஆராய்வீர்களாக. இயலாது எனில், ஒரு மல்லிகைப் பந்தல் போதும். அதில் குறைவொன்றும் இல்லை. இயலும் எனில், குளம் அமைக்கும் முன் அடுத்த வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஜிவர்னியில் ஊராரின் அச்சம் அரசு அலுவலகம் வரை சென்றது; நம் தெருவில் அது மதில் ஓரத்துப் பேச்சிலேயே தீர்ந்துவிடும். ஓரிரு ஆண்டுகளில் அல்லிக் கிழங்குகள் சட்டியில் நெருங்கிப் பெருகும். அவற்றைப் பிரித்து நட வேண்டியிருக்கும். அவ்வாறு பிரித்த முதற்கிழங்கை, நீங்கள் ஊரில் இல்லாத நாட்களில் உங்கள் மீன்களைப் பார்த்துக்கொண்ட அயலாருக்கே கொடுங்கள்.